காரண எண் ஒன்பது

ஜூன் பதினொன்றாம் தேதி வியாழக்கிழமை காலை பதினொரு மணிக்கு, மரகதவேல் பஸ் சர்வீஸின் ஒட்டன்சத்திரம் ஷெட் மாடியறையில் இருந்தவர்கள் ஆறு பேர். ஜன்னலுக்கு முதுகைக் காட்டியபடி முதலாளி தெய்வசிகாமணி. அவருக்கு வலப்பக்கம் மேலாளர் பொன்னுரங்கம். இடப்பக்கம், மடிக்கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு நிரஞ்சனா. எங்களுக்குக் கிளியை விற்ற கோயம்புத்தூர் கம்பெனியின் பெண். மேசையின் இந்தப் பக்கம் டிரைவர் குழந்தைவேலு, நாற்காலியின் விளிம்பில். அவருக்கு அடுத்தாற்போல் சங்கச் செயலாளர் மாசிலாமணி. அவரும் டிரைவராக இருந்தவர்தான்; பொங்கல் கழிந்த மூன்றாம் நாள் ஒரு அடிதடியில் ஜாக்கி ராடால் வலது மணிக்கட்டை நொறுக்கிவிட்டார்கள், இப்போது அந்தக் கையால் டீ டம்ளர்கூடத் தூக்க முடியாது. கதவோரம் முக்காலியில் நான், டைம் கீப்பர் அமிர்தவல்லி. பேசுவதை எழுதிக்கொள்ளும்படி முதலாளி சொல்லியிருந்தார்.

கிளி என்பது நாங்கள் வைத்த பெயர். விற்றவர்கள் வேறு ஏதோ நீளமாகச் சொன்னார்கள். தினமும் காலை பத்து மணிக்கு அடுத்த நாளுக்கான பட்டியல் அச்சாகி வரும்: எந்த வண்டி, எந்த ட்ரிப், எந்த டிரைவர், எந்தக் கண்டக்டர். ஜோசியக்காரன் கிளி சீட்டு எடுப்பதுபோல இருந்ததால் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. போன அக்டோபரில் வந்தது. அதற்கு முன்பு பொன்னுரங்கம் பென்சிலால் பட்டியல் போடுவார்.

கிளிக்கு நான்கு வகையில் தீனி போகும். படிக்கட்டில் உள்ள எண்ணும் கண், ஏறி இறங்குகிறவர்களை எண்ணும். சாலையோரக் கேமரா, எதிர் கம்பெனியான பவளக்கொடியின் வண்டிகளையும் ஷேர் ஆட்டோக்களையும் எண்ணும். டிரைவரும் கண்டக்டரும் கையில் கட்டியிருக்கும் பட்டை, நாடித்துடிப்பை அனுப்பும். தூங்கி வழிகிறவர்களைப் பிடிக்கத்தான் அது என்றார்கள். நான்காவது தீனி என் கையால் போவது. ஒரு வண்டி தாமதமானால் காரணத்தை எண்ணாகப் போட வேண்டும். ஒன்று டயர், இரண்டு பேட்டரி, மூன்று நெரிசல் என்று போய், எட்டு ஊர்வலம், ஒன்பது இதர.

"மொதல்ல அந்தச் சீட்டப் படிங்க" என்றார் மாசிலாமணி.

பொன்னுரங்கம் படித்தார். "நாளைக்கு வெள்ளி. காலை ஏழு பத்து, தாராபுரம். டிரைவர் குழந்தைவேலு."

"ஏழு பத்துதான் கள்ளிமந்தையத்துல பவளக்கொடி வண்டியோட ஒண்ணா நிக்கும். தெரியுமுங்களா?"

"எல்லாருக்கும் தெரியும்."

"நேத்துலருந்து பவளக்கொடில அந்த ட்ரிப்ப யாரு ஓட்டறாங்கறதும் தெரியுமுங்களா?"

அதுவும் எங்களுக்குத் தெரியும். சென்னியப்பன். மார்ச் ஒன்பதாம் தேதி கள்ளிமந்தையம் நிறுத்தத்தில், இரண்டு நிமிட நேரத்தகராறில், குழந்தைவேலுவின் தம்பி நாச்சிமுத்துவை வீல் ஸ்பேனரால் அடித்துக் கொன்றவன். நாச்சிமுத்து எங்கள் கண்டக்டர். முதல் அடி காதுக்கு மேலே. இரண்டாவது அடிக்கு ஆள் முகங்குப்புற விழுந்தான். டிக்கெட் மிஷின் நெஞ்சுக்கு அடியில் மாட்டிக்கொண்டு பொத்தான் அழுந்தியதால், தாராபுரத்துக்கு டிக்கெட் டிக்கெட்டாக அச்சடித்துத் தள்ளிக்கொண்டே இருந்தது. மூன்றாவது அடி, நான்காவது அடி விழும்போதும் அது நிற்கவில்லை. அந்தச் சுருளை போலீஸ் அளந்து எழுதியது: ஐந்தரை அடி, அதில் நான்கடி நனைந்திருந்தது. குற்றப்பத்திரிகை நேரத்துக்குப் போகாததால் தொண்ணூற்றோராம் நாள் சென்னியப்பனுக்கு ஜாமீன் கிடைத்தது. நேற்று மறுபடி ஸ்டியரிங் பிடித்துவிட்டான்.

அன்றைக்கு நான் போட்ட காரண எண்ணும் ஒன்பதுதான்.

இதை இங்கேயே சொல்லிவிட வேண்டும். அடிதடியை எங்கள் ஷெட்டில் யாரும் எழுதுவதில்லை. எழுதினால் அந்தத் தாள் என்றைக்காவது கோர்ட்டுக்குப் போகும் என்பதால், ஒன்பது போட்டுவிடுவது வழக்கம். எனக்கு முன்னால் இருந்தவர் அப்படித்தான் போட்டார். பவளக்கொடி ஷெட்டிலும் அப்படித்தான். பல் உடைந்தால் ஒன்பது, கண்ணாடி உடைந்தால் ஒன்பது. நானும் கை நடுங்காமல் போட்டேன்.

"நான் கொஞ்சம் கணக்கு எடுத்து வெச்சிருக்கேன்" என்றேன். எல்லோரும் கதவுப்பக்கம் திரும்பினார்கள். "கிளி வர்றதுக்கு முந்தின ஒரு வருசத்துல ஒன்பது பதினொரு தரம் வந்திருக்கு. கிளி வந்த எட்டு மாசத்துல முப்பது தரம். முப்பதுல இருவத்தாறு கள்ளிமந்தையத்துல."

நிரஞ்சனா நிமிர்ந்து உட்கார்ந்தாள். "மேடம், ஒன்பதுன்னா என்ன?"

"உங்களுக்குத் தெரியாதா?"

"இதரன்னுதான் இருக்கு. நாங்க ஏதோ சந்தை நாள், கோயில் விசேஷம் மாதிரின்னு நெனச்சோம். ஏன்னா ஒன்பது வந்த மறுநாள்லேர்ந்து மூணு நாளைக்கு பயணிகள் கூடுறாங்க. மூவாயிரத்து நானூறு பேர் ஏறுற ரூட்ல நாலாயிரத்து நூறு. தவறாம. எங்க ஆபீஸ்ல அதுக்கு நல்ல நாள்னே பேரு வெச்சிருக்கோம்."

மாசிலாமணி தன் வலது கையை இடது கையால் தூக்கி மேசைமேல் வைத்தார். விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டி, கோழிக்கால்போல வளைந்திருந்தன. "இந்தாங் கண்ணு. ஜனவரி பதினேழாந்தேதி நல்ல நாளு இதுதான். நல்லாப் பாத்துக்க."

அவள் பார்த்தாள்.

"அடிதடின்னா சனம் பயந்து ஏறாம இல்ல போகணும்?" என்றார் பொன்னுரங்கம். "எப்புடிக் கூடும்?"

"போலீஸ்" என்றேன். "ஒவ்வொரு தரமும் அடிதடி முடிஞ்சு மூணு நாளைக்கு கள்ளிமந்தையத்துல போலீஸ் நிக்கும். பர்மிட் இல்லாத ஷேர் ஆட்டோ ஒண்ணும் ரோட்டுக்கு வராது. அந்தச் சனம் பூரா பஸ்ஸுக்கு வரும். நம்ம வண்டிக்கும் வரும், பவளக்கொடிக்கும் வரும்."

"அப்ப கிளி..." முதலாளி முதல்முறையாக வாயைத் திறந்தார்.

நிரஞ்சனா திரையில் எதையோ அழுத்தினாள். கிளி ஏன் இந்தச் சீட்டை எடுத்தது என்பதற்கான விளக்கம் அது. அவள் மெதுவாகப் படித்தாள். "ஏழு பத்து ட்ரிப். டிரைவர் குழந்தைவேலு. மூணு மாசமா ஓய்வு நேரத்திலேயும் நாடி நூறுக்கு மேல. கள்ளிமந்தையம் தாண்டும்போது நூத்திமுப்பது. இவர் போனா ஒன்பது வர வாய்ப்பு நூத்துக்கு எண்பத்திமூணு. அதனால..." நிறுத்திவிட்டாள்.

"அதனால?"

"அதனால இவர்தான் பொருத்தமான ஆள்."

குழந்தைவேலு நாற்காலியை முன்னால் நகர்த்தினார். நாற்பத்திரண்டு வயது, ஒல்லி, எதையும் தாழ்ந்த குரலில் சொல்லிப் பழகியவர். "நான் மூணு தரம் எழுதிக் குடுத்தனுங்க. வேற ரூட்டுக்குப் போடுங்க, பழனிப்பக்கம் போடுங்கன்னு. மூணு தரமும் முடியாதுன்னு வந்துச்சு. இதுக்குத்தானுங்களா?"

நிரஞ்சனா தலையை ஆட்டினாள்.

"கண்ணு, நீங்க ஒண்ணு சொல்லுங்க. பவளக்கொடிக்குக் கிளி வித்தது யாரு?" என்றார் மாசிலாமணி.

அவள் முதலாளியைப் பார்த்தாள். பிறகு திரையைப் பார்த்தாள். அவ்வளவுதான், எல்லோருக்கும் புரிந்துவிட்டது.

"ஒரே கூண்டுல ரெண்டு கிளியா?" என்று மாசிலாமணி சிரித்தார். நல்ல சிரிப்பு இல்லை.

"ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு பேசாது, சார். தனித்தனிதான். ஆனா ரெண்டுக்கும் ஒரே பாடம்தான் கெடச்சிருக்கு. அவங்க ஷெட்லயும் ஒன்பதுதானே போட்டிருக்காங்க."

"சென்னியப்பன ஏழு பத்துக்குப் போட்டது அந்தக் கிளி."

"நான் அதைச் சொல்லக் கூடாது."

"சொல்ல வேண்டாம் தாயி."

மாசிலாமணி முதலாளி பக்கம் திரும்பினார். "மொதலாளி, பேச்ச முடிச்சிருவோம். நாளைக்கு இந்த ஆள எறக்கிருங்க. ஒரு பேர அடிச்சு ஒரு பேர எழுதறதுதானுங்களே."

தெய்வசிகாமணி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கோபக்காரர் இல்லை அவர். இருபது வருடத்தில் என்னை ஒரு தடவைகூட அதட்டியதில்லை. "மாசிலாமணி, யோசிச்சுப் பேசு. இன்னைக்கு நான் பேரை மாத்தினா, நேத்து வரைக்கும் தெரிஞ்சேதான் விட்டேன்னு ஆயிரும். நாச்சிமுத்து கேஸ்ல என்னையும் சேப்பாங்க. இங்க பேசினது யாருக்கும் தெரியாது. நான் எதையும் மாத்தல. மிஷின் போட்ட சீட்டு, மிஷின் போட்டபடி போகுது."

"அப்ப இவன் சாகட்டுமுங்களா?"

"இல்லீனா அவன் சாகட்டும்" என்றார் பொன்னுரங்கம். "எண்பத்திமூணுன்னு போட்டிருக்கே தவிர, யாருக்கு விழும்னு போடலியே." அதோடு விட்டிருக்கலாம். குழந்தைவேலுவைப் பார்த்து, "தம்பியக் கொன்னவன் எதுக்க வண்டி ஓட்டறான், நீ பழனிக்கு மாத்தக் கேக்கற. அவ்வளவு பயம்னா வீட்டுக்காரி சேலையக் கட்டிட்டு வா, கண்டக்டர்கிட்டச் சொல்லி லேடீஸ் சீட்டு போட்டுத் தர்றேன்" என்றார்.

குழந்தைவேலு எழுந்ததை நான் பார்க்கவில்லை. மேசைமேல் இருந்த ஸ்டீல் ஜக்கு அவர் கையில் இருந்ததைத்தான் பார்த்தேன். நிறையத் தண்ணீர் இருந்த ஜக்கு. முதல் அடி பொன்னுரங்கத்தின் தாடையில். எலும்பு நகர்ந்த சத்தம் கதவுவரைக்கும் கேட்டது. இரண்டாவது அடி நெற்றியில். ஜக்கின் விளிம்பு தோலைக் கிழித்து, புருவம் கண்ணுக்குமேல் தொங்கியது. நாற்காலியோடு பின்பக்கம் சாய்ந்தவரின் நெஞ்சில் முழங்காலை வைத்து மூன்றாவது அடி அடித்தார். பொன்னுரங்கம் கையால் தடுத்தார், இரண்டு விரல்கள் பின்பக்கமாக மடிந்தன. மாசிலாமணி ஒற்றைக் கையால் குழந்தைவேலுவின் கழுத்தைச் சுற்றிப் பிடித்து இழுத்தார். நானும் போய்ச் சட்டையைப் பிடித்தேன். சட்டை கிழிந்தது, ஆள் அசையவில்லை. நான்காவது அடியை அவரே பாதியில் நிறுத்திக்கொண்டார். ஜக்கைப் பார்த்தார். அது ஒரு பக்கம் சப்பையாகியிருந்தது. அதை மேசைமேல் திருப்பி வைத்துவிட்டு, உட்கார்ந்து, முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார்.

"என்னையக் கொண்டுபோய் எங்கயாச்சும் கட்டிப்போடுங்க. அவனப் பாத்தா நான் விடமாட்டன். எனக்கே தெரியும், நான் விடமாட்டன்."

அவருடைய கைப்பட்டை கீச் கீச்சென்று கத்திக்கொண்டிருந்தது. நிரஞ்சனா தன் திரைமேல் தெறித்திருந்த ரத்தத்தைத் துப்பட்டா நுனியால் துடைத்தாள். துடைத்த இடத்தில் நாளைய ஏழு பத்துக்கான எண் இருந்தது: ஒன்பது வர வாய்ப்பு, தொண்ணூற்றொன்று. ஐந்து நிமிடத்துக்கு முன் எண்பத்திமூன்றாக இருந்தது.

பொன்னுரங்கத்தைக் கீழே தூக்கிக்கொண்டு போய் ஆட்டோவில் ஏற்றினார்கள். முதலாளி நிதானமாக எழுந்தார்.

"குழந்தைவேலு, மூஞ்சியக் கழுவிட்டு வண்டிய எடு. பதினொண்ணு நாப்பது ட்ரிப் நிக்குது. அதான் சீட்டுல இருக்கு. இங்க நடந்தது ஷெட்டோட போச்சு." பிறகு என்னைப் பார்த்தார். "அமிர்தம், வண்டி ஒரு இருவது நிமிசம் லேட்டாயிரும். ஒன்பதுன்னு போட்டுரு."

நான் சரியென்று தலையாட்டினேன். பழக்கத்தில் ஆடிய தலை அது.

கீழே என் டைம் கீப்பர் கூண்டுக்கு வந்து உட்கார்ந்தேன். தாமதம்: இருபத்திரண்டு நிமிடம். காரணம்: கட்டம் காலியாக நின்றது. என் விரல் ஒன்பதின்மேல் இருந்தது. என் புறங்கையில் பொன்னுரங்கத்தின் ரத்தம் காய்ந்துகொண்டிருந்தது.

பின்னாலேயே நிரஞ்சனா வந்தாள். இருபத்தாறு வயதிருக்கும். குழாயடியில் துப்பட்டாவை அலசியிருந்தாள், கறை போகவில்லை. "அக்கா" என்றாள். மேடம் போய்விட்டது. "கிளிக்கு உண்மையச் சொல்லிப் பாப்போமா?"

"எப்படி?"

"பழைய ஒன்பது எல்லாத்தையும் நீங்க மாத்துங்க. புது எண் போட எனக்கு அனுமதி இருக்கு. பத்து, அடிதடின்னு வெப்போம். பதினொண்ணு, கொலை. அப்பவாவது அதுக்குப் புரியும்ல? இவ்வளவு நாள் பேர் தெரியாமத்தானே தேடிப்போயிருக்கு."

எனக்கு நம்பிக்கை வந்தது. வெட்கமாக இருந்தாலும் சொல்லிவிடுகிறேன், பெரிய நம்பிக்கை. பள்ளிக்கூடத்தில் தப்புக் கணக்கை அடித்து, பக்கத்திலேயே சரியான விடையை எழுதினால் வாத்தியார் மதிப்பெண் கொடுத்துவிடுவார். அந்த மாதிரி.

நாற்பத்தொரு ஒன்பதுகளும் என் பழைய நோட்டில் தேதியோடு இருந்தன. ஒவ்வொன்றாக மாற்றினேன். நவம்பர் இரண்டு: கண்ணாடி உடைப்பு, பவளக்கொடி கண்டக்டரின் கண்ணில் சில்லு. பத்து. டிசம்பர் பத்தொன்பது: பெல்ட் பக்கிளால் முதுகில். பத்து. ஜனவரி பதினேழு: மாசிலாமணி. பத்து. பிப்ரவரியில் ஏழு. மார்ச் ஒன்பது வந்தபோது பதினொன்று என்று போட்டேன். முடிக்க ஒன்றேகால் மணி நேரம் ஆயிற்று. இன்றைய இருபத்திரண்டு நிமிடத்துக்கும் பத்து போட்டேன். நிரஞ்சனா கிளியைத் திரும்பப் படிக்கச் சொன்னாள்.

ஆறு நிமிடம் கழித்துப் புதிய சீட்டு வந்தது. ஏழு பத்து, தாராபுரம், டிரைவர் குழந்தைவேலு. டிரைவர் மாறவில்லை. கண்டக்டர் மாறியிருந்தான். நிதானமான ஆளாக இருந்த சுப்பராயனை எடுத்துவிட்டு, பிப்ரவரியில் கம்பியை எடுத்துக்கொண்டு அடிக்க ஓடிய வீரக்குமாரைப் போட்டிருந்தது.

நிரஞ்சனா விளக்கத்தைத் திறந்தாள். நான் அவள் தோளுக்குமேல் படித்தேன். இதுவரை எல்லாம் ஒன்பதாகக் கிடந்ததால் அதற்குப் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. இப்போது தெரிந்துவிட்டது. பத்து வந்தால் மூன்று நாள் பயணிகள் கூடுகிறார்கள். பதினொன்று வந்தால் பன்னிரண்டு நாள். மார்ச் ஒன்பதுக்குப் பிறகு கள்ளிமந்தையத்தில் போலீஸ் பன்னிரண்டு நாள் நின்றது, அதுதான். எனவே, இனிப் பதினொன்றே மேல்.

"உண்மையச் சொன்னதும் இன்னும் நல்லாக் கத்துக்கிச்சு" என்றேன்.

"யாரும் அதுக்கு வேண்டாம்னு சொல்லலக்கா. எத்தன பேரு ஏறுனாங்கங்கிறத மட்டுந்தான் பாக்கச் சொல்லியிருக்கு."

"அப்ப வேண்டாம்னு சொல்லு."

"எத வேண்டாம்னு சொல்லணுமோ அத முதலாளி கையெழுத்துப் போட்டுக் குடுக்கணும். ரெண்டு முதலாளியும்." அவள் மடிக்கணினியை மூடினாள். "நீங்களும் நானும் மாத்தறதுக்கு அதுல எடமில்ல."

அவளிடம் இரண்டு சீட்டையும், இரண்டு விளக்கத்தையும் அச்செடுத்துத் தரச் சொன்னேன். எடுத்துக் கொடுத்தாள். "எம் பேரையும் போட்டுக்கங்க" என்றாள், கேட்காமலே.

போலீஸுக்குப் போனில் சொல்லலாம்தான். போனில் சொன்னது காற்றோடு போய்விடும். எழுதிக் கொடுத்தால் ஸ்டேஷனில் மனு ரசீது கொடுத்தாக வேண்டும். ரசீது கொடுத்தபிறகு தெரியாது என்று சொல்ல முடியாது. முழு வெள்ளைத்தாள் இரண்டு எடுத்து, இடப்பக்கம் ஓரம் விட்டு எழுதினேன்.

அனுப்புநர், பெறுநர், பொருள். கள்ளிமந்தையம் காவல் ஆய்வாளர் அவர்களுக்கு. நாளை காலை ஏழு ஐம்பதுக்குத் தங்கள் எல்லைக்குட்பட்ட பேருந்து நிறுத்தத்தில் ஒரு கொலை நடக்க ஏற்பாடாகியிருக்கிறது. ஏற்பாடு செய்தவர் என்று யாரையும் சுட்ட முடியவில்லை. ஏற்பாட்டின் அச்சுப்பிரதி இணைக்கப்பட்டுள்ளது. ஒரு பக்கம் குழந்தைவேலு, மறு பக்கம் சென்னியப்பன். யார் யாரைக் கொல்வார்கள் என்பது தெரியாது. இருவரையும் இன்று மாலைக்குள் அழைத்து உட்கார வைக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். நாற்பத்தொரு குற்றங்களைக் காரண எண் ஒன்பது என்று மறைத்து எழுதியவள் நான். என் கையெழுத்தில் உள்ள நோட்டும் இத்துடன் வருகிறது. என்மீது எடுக்க வேண்டிய நடவடிக்கைக்கு நான் ஷெட்டிலேயே இருக்கிறேன். இப்படிக்கு.

எழுதி முடித்தபோது மணி இரண்டு ஐந்து. குழந்தைவேலு கள்ளிமந்தையம்வரை போய்த் திரும்பி வந்து, வண்டியை நிறுத்திவிட்டு, என் கூண்டுக்கு வெளியே நின்று தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். கிழிந்த சட்டையை ஊக்குப் போட்டு மாட்டியிருந்தார்.

"அடுத்தது ரெண்டு இருபதுதானே?"

"ஆமாங்க்கா."

"கள்ளிமந்தையத்துல அஞ்சு நிமிசம் நின்னு, ஸ்டேஷன்ல ஒரு கவர் குடுக்கணும். ரசீது வாங்கணும்."

"என்ன கவருங்க?"

பொய் சொல்ல எனக்கு ஒரு நொடி போதும். வருடக்கணக்கில் அதைத்தான் செய்து பழகியிருந்தேன். "உன்னைய உள்ள பிடிச்சு வெக்கச் சொல்லி எழுதியிருக்கேன்" என்றேன். "நாளைக்கு ஏழு பத்து போற வரைக்கும். அவனையும் வெக்கச் சொல்லியிருக்கேன்."

அவர் டம்ளரைக் கீழே வைத்தார். கைப்பட்டை ஒரு தடவை கீச்சென்றது.

"வேற ஆருகிட்டயாச்சும் குடுத்து விட்டிருக்கலாமுல்ல?"

"விட்டிருக்கலாம். நீதான கட்டிப்போடச் சொன்ன?"

சந்தைக்குப் போகிற முருங்கைக்காய் வண்டி ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு வாசலைக் கடந்தது.

"புள்ளைக்கு நாளைக்கு ஸ்கூல்ல பரிசு குடுக்கறாங்க. வர்றேன்னு சொல்லியிருந்தன்" என்றார்.

"நான் போறேன்."

"அவ சிடுசிடுன்னு இருப்பா. அம்மா மாதிரி."

"இருக்கட்டும்."

நோட்டையும் அச்சுத்தாள்களையும் கடிதத்தோடு பழுப்பு உறைக்குள் வைத்தேன். பசை புட்டியின் மூடி இறுகியிருந்தது, அவர்தான் திறந்து கொடுத்தார். உறையை ஒட்டி, ஓரம் முழுவதும் கட்டை விரலால் தேய்த்து, ஒட்டிய இடத்தின்மேல் ஷெட்டின் வட்ட முத்திரையை இரண்டு இடத்தில் குத்தினேன். மை காயும்வரை ஊதினேன். குழந்தைவேலு அதை வாங்கிச் சட்டைக்குள், பனியனுக்கும் நெஞ்சுக்கும் நடுவில் செருகிக்கொண்டு, இரண்டு இருபதுக்கு வண்டியை எடுத்தார்.